சாக்ரடீஸ் முறை வகுப்புக்கு ஆயத்தமாவது: அமெரிக்கச் சட்டக் கல்லூரிக்குச் செல்வோருக்கு

அமெரிக்கச் சட்டக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில், ஆசிரியர் பிரிவு பிரிவாகச் சட்டத்தை விளக்க மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அநேகமாக இல்லை. இருக்கை வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர், தாம் படித்துவந்த தீர்ப்பைப் பற்றி ஐந்து நிமிடமோ, சில வகுப்புகளில் அரைமணி நேரமோ, கேள்விமேல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாத இந்த அழைப்பை அங்கே ‘கோல்ட் கால்’ என்பார்கள்.

‘சாக்ரடீஸ் முறை’ எனப்படும் இந்தக் கேள்வி-விடை முறையைத் தொடங்கிவைத்தவர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல். 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரான அவர், 1871இல் ஒப்பந்தச் சட்டத்துக்கென்று ஒரு தீர்ப்புத் தொகுப்பை வெளியிட்டு, சட்ட விதிகளை மாணவர் தீர்ப்புகளிலிருந்து தாமே பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்தார். ‘இந்த வழக்கின் நிகழ்வுகளைச் சொல்லுங்கள்’ என்று அவர் வகுப்பைத் தொடங்கினார். இன்றும் பல வகுப்புகள் அதே கேள்வியோடுதான் தொடங்குகின்றன. சாக்ரடீஸ் இதைத் தம் முறை என்று ஒப்புக்கொள்வாரா என்பது ஐயமே. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜே.டி. படிப்பில் சேர்பவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டப் பட்டம் பெற்று ஓராண்டு எல்எல்.எம். (சட்ட முதுநிலை) படிக்கச் செல்கிறவர்களும் பல பாடங்களில் ஜே.டி. மாணவர்களோடு ஒரே அறையில் அமர்கிறார்கள். தீர்ப்பு வாசிக்கும் பயிற்சி அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. வாசித்ததை வைத்து, விடை தெரியாத இடத்திலும் வாய் திறந்து வாதாடும் பயிற்சிதான் குறைவாக இருக்கும்.

எதற்கு ஆயத்தமாகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பலர் சரியான விடையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். முதல் இரண்டு கேள்விக்கு அது உதவும். மூன்றாவது கேள்வியில் ஆசிரியர் நிகழ்வுகளை மாற்றிவிடுவார், மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். தீர்ப்பைத் தாங்கி நிற்கும் வாக்கியம் எது, நிகழ்வுகளில் எதை அசைத்தால் அந்த வாக்கியம் முறியும் என்ற இரண்டையும் முந்தைய நாளே கண்டுபிடித்து வைப்பதே உண்மையான ஆயத்தம். மற்ற வேலைகள் எல்லாம் இதற்குத் துணை செய்பவை.

நரி வழக்கை வைத்து ஒரு பயிற்சி

சொத்துரிமைப் பாடத்தின் தொடக்கத்தில் பல கல்லூரிகளில் படிக்கப்படும் ‘பியர்சன் எதிர் போஸ்ட்’ வழக்கை எடுத்துக்கொள்வோம். 1805இல் நியூயார்க்கில் தீர்ப்பான இந்த வழக்கு சில பக்கங்களே கொண்டது. போஸ்ட் என்பவர் வேட்டை நாய்களோடு, யாருக்கும் உரிமையில்லாத ஒரு கடற்கரைத் தரிசில் நரி ஒன்றைக் கிளப்பித் துரத்திக்கொண்டிருந்தார். நரி அவர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தபோது, அது துரத்தப்படுவதை நன்கறிந்த பியர்சன் குறுக்கே வந்து அதைக் கொன்று எடுத்துச் சென்றார். நரி யாருக்குச் சொந்தம்?

இதைப் படித்ததும் நேராக விடைக்கு ஓடாமல், வழக்கு எந்த நீதிமன்றங்களைக் கடந்து வந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளவும். முதலில் வழக்குத் தொடுத்தவர் போஸ்ட். விசாரணையில் வென்றவரும் அவரே. தோற்ற பியர்சன் மேல் நீதிமன்றத்துக்குச் சென்றதால் வழக்கின் பெயரில் அவர் முன்னால் நிற்கிறார். பெயரில் முதலில் இருப்பவர்தான் வாதி என்று நினைத்துப் பேசத் தொடங்கினால், முதல் நிமிடத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிடும். எதிர்மாறான வழக்கமும் உண்டு: ‘பால்ஸ்கிராஃப் எதிர் லாங் ஐலண்ட் ரயில்ரோடு’ வழக்கில் மேல்முறையீடு செய்தது ரயில் நிறுவனம், ஆயினும் வாதியான பால்ஸ்கிராஃபின் பெயரே முன்னால் நிற்கிறது. நீதிமன்றத்தின் பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்றைய நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம். மாநிலத்தின் உச்ச அமைப்பு ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. புது தில்லியை மனத்தில் வைத்துப் படிக்கும் நம்மவர்கள் இதில் தடுமாறுவது இயல்பே.

அடுத்தது எழுவினா, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய சட்டக் கேள்வி. ‘நரி யாருக்குச் சொந்தம்’ என்று எழுதினால் அது போதாது. ‘யாருக்கும் உரிமையில்லாத நிலத்தில் ஒரு காட்டு விலங்கைத் துரத்திக்கொண்டிருப்பது மட்டுமே அதன்மீது உரிமை தருமா’ என்று எழுதினால் பயன்படும். நிலத்தின் தன்மை, விலங்கின் தன்மை, துரத்துதல் ஆகிய மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. ஆசிரியர் அசைத்துப் பார்க்கப்போவதும் இந்த மூன்றைத்தான்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம்ப்கின்ஸ், துரத்துவது மட்டும் போதாது என்றார். விலங்குக்கு உயிர்போகும் காயம் ஏற்படுத்தி, துரத்துவதைக் கைவிடாமல் பின்தொடர வேண்டும், அல்லது வலையிலோ பொறியிலோ அகப்படுத்தி அது தப்ப முடியாதபடி செய்திருக்க வேண்டும். துரத்தியவருக்கெல்லாம் உரிமை என்றால் சச்சரவுக்கும் வழக்குக்கும் முடிவே இராது. உறுதிக்காகவும் ஊர் அமைதிக்காகவும் தெளிவான கோடு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய லிவிங்ஸ்டன், நரி பண்ணைக் கோழிகளுக்குப் பகை, அதை ஒழிப்பவரைச் சட்டம் ஊக்குவிக்க வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினார். நாள் முழுதும் அலைந்து துரத்தியவரிடமிருந்து இடையில் புகுந்தவர் தட்டிக்கொண்டு போகலாம் என்றால் யார் வேட்டைக்குப் புறப்படுவார் என்று கேட்டு, பிடிபடும் வாய்ப்பு நியாயமாக இருந்தாலே போதும் என்றார். (டாம்ப்கின்ஸ் பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரானார், லிவிங்ஸ்டன் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இதை வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள்.)

மாறுபட்ட தீர்ப்பைத் தோற்ற தரப்பின் புலம்பல் என்று தள்ளிவிட்டுப் படிப்பதைப்போல் தீங்கான பழக்கம் வேறில்லை. ஆசிரியரின் கேள்விகளில் பாதி அங்கிருந்தே எழும். டாம்ப்கின்ஸின் விதியை நீங்கள் சொன்னதும் லிவிங்ஸ்டனின் காரணத்தை எடுத்து உங்கள்மேல் வீசுவார். நீங்கள் லிவிங்ஸ்டன் பக்கம் சாய்ந்தால், ‘நியாயமான வாய்ப்பு என்பதை எந்த நடுவர் எப்படி அளப்பார்’ என்று டாம்ப்கின்ஸாக மாறிக் கேட்பார். ஆகவே இருவர் தரப்புக்கும் இரண்டிரண்டு வரியில் வாதம் எழுதி வைத்துக்கொள்ளவும்.

இனி நிகழ்வுகளை மாற்றிப் பார்க்க வேண்டும். மாணவர்கள் இவற்றை ‘ஹைப்போ’ என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். நரிக்குக் காலில் சிறு காயம் பட்டிருந்தால்? நிலம் போஸ்டுடையதாகவே இருந்தால்? துரத்தப்படுவது பியர்சனுக்குத் தெரியாதிருந்தால்? கடைசி மாற்றம் கூர்ந்து பார்க்க வேண்டியது. பியர்சன் அறிந்தே செய்தார் என்பது நிகழ்வுகளில் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் டாம்ப்கின்ஸின் விதியில் அதற்கு இடமே இல்லை. செய்தது பண்பற்ற செயலாக இருக்கலாம், அதனால் உரிமை மாறாது என்ற நிலைக்கே அவர் வருகிறார். ஒரு நிகழ்வு தீர்ப்புக்குத் தேவையா, கதைக்கு மட்டும் தேவையா என்று பிரித்தறிவது இப்படித்தான்.

தொகுப்பு நூலில் இந்த வழக்கை அடுத்து என்ன வருகிறது என்றும் பார்க்கவும். பல நூல்களில் 1881ஆம் ஆண்டின் ‘கென் எதிர் ரிச்’ வரும். வெடிஈட்டியால் கொல்லப்பட்டுக் கடலில் மூழ்கிய திமிங்கிலம் பின்னர் கரை ஒதுங்க, கண்டெடுத்தவர் அதை ஏலத்தில் விற்றுவிட்டார். மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் திமிங்கில வேட்டைக்காரர்களின் வழக்கத்தை ஏற்றுக் கொன்றவருக்கே உரிமை என்றது. கையில் பிடிக்காதவருக்கு இங்கே ஏன் உரிமை? நரி வழக்கின் விதி மாறிவிட்டதா, அல்லது உயிர்போகும் காயம் என்ற பகுதியில் இதுவும் அடங்குமா? இன்னும் அண்மையில், 2001இல் பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் அடித்த 73ஆவது ஹோம் ரன் பந்துக்காக இருவர் வழக்காடினர். ஒருவர் கையுறையில் பந்து வந்து சேர்ந்த கணத்தில் கூட்டம் அவரைக் கீழே தள்ளியது, பந்து இன்னொருவர் கைக்குப் போனது. ‘போபோவ் எதிர் ஹயாஷி’ என்ற அந்த வழக்கில் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி, பந்தை விற்று வரும் தொகையைச் சமமாகப் பகிரச் சொன்னார். ‘நரியையும் பாதி பாதியாகப் பிரித்திருக்கலாமே’ என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வைக்கவும்.

எழுதி வைப்பதும் நேரக் கணக்கும்

மேலே செய்ததை ஒரு பக்கத்துக்குள் அடக்கினால் அதுவே ‘பிரீஃப்’: நீதிமன்றமும் ஆண்டும், வழக்கு கடந்து வந்த பாதை, தேவையான நிகழ்வுகள், எழுவினா, முடிவு, காரணம், மாறுபட்ட தீர்ப்பு, இரண்டு மூன்று ஹைப்போ. நிகழ்வுகளையும் காரணத்தையும் சொந்தச் சொற்களில் எழுதவும். விதியை மட்டும் தீர்ப்பில் உள்ளபடியே, பக்க எண்ணோடு பெயர்த்தெழுதவும். பேச்சு நடுங்கும் நேரத்தில் ‘இந்தப் பக்கம், இரண்டாம் பத்தி’ என்று சொல்ல முடிவதே பெரிய பலம். தெரியாத சட்டச் சொல்லைப் பிளாக்ஸ் அகராதியில் அன்றே பார்த்துவிடவும், ஏனெனில் ‘செர்ஷியோராரி (கீழ் நீதிமன்ற ஆவணங்களை மேல் நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கும் ஆணை) என்றால் என்ன’ என்பது கேட்கப்படக்கூடிய கேள்விதான்.

கடையில் கிடைக்கும் ஆயத்த பிரீஃபுகளைப் பற்றி ஒரு சொல். தீர்ப்பைப் படித்து முடித்தபின் சரிபார்க்க அவற்றைப் புரட்டுவதில் தவறில்லை. முதலில் அவற்றைப் படித்தால், எந்த நிகழ்வு முக்கியம் என்று வேறொருவர் எடுத்த முடிவை உங்கள் முடிவாக நினைத்துக்கொள்வீர்கள். மூன்றாவது கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகார விதிப்படி, வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்களுக்கு முதல் மாதத்தில் இது போதாது. அந்தக் கூடுதல் நேரத்தை மீண்டும் மீண்டும் படிப்பதில் மட்டும் செலவிட வேண்டாம். பிரீஃபை மூடிவைத்துவிட்டு, வழக்கின் நிகழ்வுகளை ஒரு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகவும். உடன் படிப்பவர் ஒருவர் கிடைத்தால் கேள்வி கேட்கச் சொல்லலாம். இல்லையெனில் சுவரிடம் சொன்னாலும் பயன் உண்டு.

பெயர் அழைக்கப்பட்டால்

ஆசிரியரைப் ‘புரொஃபசர்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயர் சேர்த்து அழைப்பதே அங்கே வழக்கம். கேட்டதற்கு மட்டும் முதலில் விடை சொல்லவும். நிகழ்வுகளைக் கேட்டால் தீர்ப்பின் காரணம் வரை ஓட வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று கேட்டால் ஒன்றைத் தெரிவு செய்து, பிறகு ஏன் என்று சொல்லவும். ‘இரு பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்பது அடக்கமான விடையாகத் தோன்றினாலும் அங்கே நழுவலாகவே கருதப்படும். நீங்கள் சொல்வது நீதிமன்றத்தின் கருத்தா உங்கள் கருத்தா என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியர் மறுத்துக் கேட்டவுடன் தவறு செய்துவிட்டோம் என்று முடிவு கட்டி நிலையை மாற்றிக்கொள்வது, பெரியவர் சொல்லைத் தட்டாத வளர்ப்பில் வந்தவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. சரியான விடையையும் அவர் மறுத்துக் கேட்பார். அது அவர் வேலை. புதிய காரணம் ஒன்று வந்து அது உங்களுக்குச் சரியென்று பட்டால் மட்டும் மாறவும், எந்தக் காரணத்தால் மாறினீர்கள் என்றும் சொல்லவும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் குறைவில்லை. படிக்காமல் வந்த நாளில் மழுப்புவதைவிட, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுவது நல்லது. பல ஆசிரியர்கள் பருவத்தில் ஒன்றிரண்டு முறை இதை ஏற்கிறார்கள், பாடத்திட்டத் தாளில் விதி எழுதப்பட்டிருக்கும்.

வேறொருவர் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்பவர்கள் வகுப்பின் பெரும்பகுதியை இழக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மனத்துக்குள் விடை சொல்லிப் பார்க்கவும். குறிப்பேட்டில் சக மாணவரின் விடையை எழுதுவதைவிட, ஆசிரியர் கேட்ட ஹைப்போவை எழுதுவது மேல். பெரும்பாலான முதலாண்டுப் பாடங்களில் மதிப்பெண் பருவ இறுதியில் நடக்கும் தேர்வை ஒட்டியே அமைகிறது, விடைத்தாளில் பெயரும் இராது. ஒரு நாள் திணறியது மதிப்பெண்ணைத் தொடுவது அரிது. ஆனால் அந்தத் தேர்வில் வருவது புதிய நிகழ்வுகள் கொண்ட நீண்ட ஹைப்போதான், வகுப்பில் கேட்டவற்றின் நெருங்கிய உறவு. வகுப்பு முடிந்த அன்றே கால்மணி நேரம் ஒதுக்கி, முந்தைய நாள் நீங்கள் எழுதிய விதிக்குக் கீழே, அது எந்தக் கேள்வியில் வளைந்தது, எந்தக் கேள்வியில் முறிந்தது என்று எழுதி வைக்கவும்.

ஒரு முறை அழைக்கப்பட்டவர் இனிப் பருவம் முடியும் வரை தமக்கு வராது என்று கணக்குப் போட வேண்டாம். சிலர் வரிசைப்படி அழைப்பார்கள், சிலர் பெயர் எழுதிய அட்டைகளைக் கலைத்து எடுப்பார்கள். எடுத்த அட்டையைத் திரும்ப அட்டைக் கட்டுக்குள்ளேயே செருகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.