டோலில் மாட்டிக்கொள்ளாமல் பினாங்கு போய்ச் சேர

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, தீபாவளிக்கு மாமியார் வீடு என்று கோலாலம்பூரிலிருந்து பினாங்கு கிளம்புகிறவர்கள், விடியற்காலை போகலாமா, ராத்திரியே கிளம்பிவிடலாமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுவார்கள். டோல் கட்டும் டச் அன் கோ கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் பினாங்குப் பாலத்துக்கு முன்னால் வரும் ஜூரு டோலில் தடுப்பு தூக்காது, பின்னால் வரிசையாக ஹார்ன் கேட்கும். சாலையில் வரும் ஜேமை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் டோலில் நடக்கும் கூத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே தீர்த்துவிடக்கூடியது.

முதலில் காசு. டச் அன் கோ கார்டில் இருக்கும் பணம் வேறு, போனில் இ-வாலட்டில் இருக்கும் பணம் வேறு. இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். வாலட்டில் நூறு ரிங்கிட் போட்டு வைத்துவிட்டு, கார்டைத் தட்டினால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். புதிய என்எஃப்சி கார்டாக இருந்தால் ஆப்பில் ரிலோட் செய்தபின் கார்டைப் போனின் முதுகில் ஒட்டிப் பிடித்து, முடிந்தது என்று திரையில் வரும்வரை எடுக்கக் கூடாது. அப்போதுதான் பணம் கார்டுக்குள் ஏறும். பழைய கார்டாக இருந்தால் இந்த வேலை நடக்காது, பெட்ரோல் ஸ்டேஷனிலோ வேறு கடையிலோ போய்த்தான் ஏற்ற வேண்டும், சில இடங்களில் அதற்குத் தனியாக ஐம்பது காசும் கேட்பார்கள். இன்னும் பழைய கார்டையே வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், நம் காசை நாமே ஏற்ற எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்?

கார்டைத் தட்டாமலே டோல் கட்ட, காரில் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. அது நேராக இ-வாலட்டிலிருந்து எடுக்கும். காலையில் மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு கியூஆர் தட்டியதும், வழியில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அதே வாலட்டிலிருந்துதான் போயிருக்கும். டோலுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆப்பில் ஆட்டோ ரிலோட் என்று ஒரு வசதி இருக்கிறது, வங்கிக் கார்டை இணைத்துவிட்டால் மீதி குறையும்போது தானாக ஏறிக்கொள்ளும். டோலுக்கு வாலட் வைத்திருப்பவர்கள் இதைப் போட்டு வைப்பது நல்லது.

சரி, எவ்வளவு வேண்டும்? கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா டோலில் நுழைந்து ஜூருவில் வெளியேற, சாதாரணக் காருக்கு முப்பத்தைந்து ரிங்கிட் வாக்கில் ஆகும். அதன்பின் பினாங்குப் பாலம், 2020இல் இந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் சாலைகளில் டோலை 18 விழுக்காடு குறைத்தபோது ஏழு ரிங்கிட்டாக இருந்தது 5.74 ஆனது. திரும்பி வரும்போது பாலத்தில் காசு இல்லை, தீவுக்குப் போகும்போது மட்டும்தான். ஆனால் நெடுஞ்சாலைக்குத் திரும்பவும் கட்ட வேண்டும். ஆக, நூறு ரிங்கிட்டோடு கிளம்பினால் போய் வந்து கோலாலம்பூருக்குள் இரண்டு மூன்று டோல் தாண்டவும் மிச்சம் இருக்கும்.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். எந்தக் கார்டில் அல்லது ஸ்டிக்கரில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியேறுங்கள். கோலாலம்பூர்ப் பக்கத்து எல்டிபி நெடுஞ்சாலை மாதிரி நகரத்து டோல்களில் ஒரே இடத்தில் ஒரே கட்டணம், எதைக் காட்டினாலும் முடிந்தது. ஜூரு வரை போகும் பிளஸ் அப்படி இல்லை, நுழையும்போது பதிவாகி, வெளியேறும்போது தூரத்தைக் கணக்குப் போடும். கணவர் கார்டில் நுழைந்துவிட்டு, தாப்பாவில் சாப்பிட நிறுத்தி, ஓட்டுநர் மாறி, மனைவி தன் கார்டைத் தட்டினால் அந்தக் கார்டு எங்கே நுழைந்தது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கார்டில் நுழைந்து ஆர்எஃப்ஐடி லேனில் வெளியேறப் பார்த்தாலும் இதே கதைதான். நுழைந்த பதிவு இல்லாவிட்டால் அதிக தூரத்துக்கான கட்டணம் விழும் வாய்ப்பு உண்டு. ஆகவே, நுழைந்த கார்டைக் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஓர் இடத்தில் போட்டு வையுங்கள். பர்சுக்குள் மற்ற வங்கிக் கார்டுகளோடு சேர்த்துத் தட்டாதீர்கள், இயந்திரம் எதைப் படிப்பது என்று திணறும்.

கார்டைச் செருகிக் காரில் வைக்கும் ஸ்மார்ட்டேக் கருவி இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஆர்எஃப்ஐடிக்கு மாறியிருந்தால் கருவியிலிருந்து கார்டை உருவிவிடுங்கள், எது கழித்தது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

டோலை நெருங்கும்போது பலகையை முன்கூட்டியே பார்த்து லேன் பிடியுங்கள். கடைசி நிமிடத்தில் மூன்று லேன் குறுக்கே வெட்டிப் போகும் வீரர்கள் எங்கும் இருக்கிறார்கள், அவர்களால்தான் பாதி நெரிசல். கார்டு லேனில் இயந்திரத்தை ஒட்டி நிறுத்துங்கள்; தள்ளி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டுவது பார்க்கவே பாவமாக இருக்கும். ஆர்எஃப்ஐடி லேனில் வேகத்தைக் குறைத்து, முன்னால் இருப்பவர் தாண்டியபின் நகருங்கள். ஒட்டிக்கொண்டே போனால் அவருக்குத் திறந்த தடுப்பு உங்கள் பானெட்டில் இறங்கும்.

தடுப்பு தூக்கவில்லையா? பின்னால் எடுக்காதீர்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, உதவிப் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள், ஆள் வருவார். ஹார்ன் அடிப்பவர் அடித்துவிட்டுப் போகட்டும். நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் பிளஸ் உதவி எண் 1800-88-0000, இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

தீவின் தெற்கே, பத்து மாவுங் அல்லது பாயான் லெப்பாஸ் போகிறவர்கள் ஜூரு வரை போக வேண்டியதில்லை. பத்து காவானில் பிரிந்து 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில் ஏறலாம். அதற்கு ஏழு ரிங்கிட், முதல் பாலத்தைவிட ஒரு ரிங்கிட் சொச்சம் கூட, ஆனால் பெருநாள் சமயத்தில் அந்த ஒரு ரிங்கிட்டுக்குக் கணக்குப் பார்ப்பது அசட்டுத்தனம். ஜார்ஜ்டவுன் போகிறவர்களுக்குப் பழைய பாலமே வசதி. மோட்டார் சைக்கிளுக்கு 2019இலிருந்து இரண்டிலும் இலவசம்.

 

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆப்பில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து ஒருமுறை பாருங்கள். ஒரே டோல் இரண்டு தடவை விழுந்திருந்தாலோ கட்டணம் அதிகமாகத் தெரிந்தாலோ, திரையைப் படம் பிடித்து, தேதியும் நேரமும் டோலின் பெயரும் போட்டு உடனே புகார் கொடுங்கள். எந்த டோலில் நடந்தது என்பது நினைவில் இருக்கும்போதே எழுதினால் அவர்களும் சீக்கிரம் தேடி எடுப்பார்கள்.