ஓட்ஸா, கோழியா? ஒப்பிடும்போது விடுகிற பிழைகள்

சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போய் வருகிறவர் கேட்கிறார், ஜிம்முக்குப் போகிற பொடியன் கேட்கிறான், பிள்ளை மெலிகிறதே என்று கவலைப்படுகிற தாயும் கேட்கிறார்: ஓட்ஸ் நல்லதா, கோழி நல்லதா? கேள்வி ஒன்றுதான். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறவரிடம் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஓட்ஸையும் கோழியையும் ஒப்பிடலாம், அதில் குற்றமில்லை. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் சாப்பிடுகிற கோப்பையை மறந்துவிட்டு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

முதலில் எடைப் பிழை. எல்லாரும் விடுவது இதைத்தான். இணையத்தில் தேடினால் 100 கிராம் ஓட்ஸில் 13 முதல் 17 கிராம் வரை புரதம் என்று வரும். தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் 31 கிராம் என்று வரும். "அப்ப ஓட்ஸ் கோழியில பாதிதானே, பரவாயில்லை" என்று முடிவும் கட்டியாகிவிடும். அந்த ஓட்ஸ் பைக்கற்றில் இருக்கிற உலர்ந்த ஓட்ஸ், அந்தக் கோழியோ சமைத்து முடித்த இறைச்சி. ஓட்ஸ் இன்னும் தண்ணீரை இழுக்கவில்லை, கோழி தன் தண்ணீரை விட்டுவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படிச் சரிவரும்?

தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி 100 கிராமில் புரதம் ஏறக்குறைய இரண்டரை கிராம்தான், கலோரி 70 அளவில். பச்சைக் கோழி நெஞ்சு 100 கிராமில் 22 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் 120 கலோரியும் உண்டு. அதுவே சமைத்த இறைச்சியில் 100 கிராமுக்கு 31 கிராம் புரதம், 165 கலோரி என்று ஏறுகிறது. புதிதாகப் புரதம் எங்கிருந்தும் வரவில்லை, இறைச்சி சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வயல் செய்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் எவ்வளவு சோறு வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

காலையில் ஒருவர் காய்ச்சுவது அரைக் கப் ஓட்ஸ், அதாவது 40 கிராம் அளவு. அதில் கிடைப்பது 5 கிராம் புரதம், 150 கலோரி, 4 கிராம் நார்ச்சத்து. இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். 25 கிராம் புரதம் வேண்டுமென்றால் சமைத்த கோழி நெஞ்சு 80 கிராம் போதும், 130 கலோரியோடு வேலை முடிந்தது. அதே புரதத்தை ஓட்ஸிலிருந்து மட்டும் எடுக்க உலர்ந்த ஓட்ஸ் 190 கிராம் வேண்டும். கலோரி 700ஐத் தாண்டும், காய்ச்சினால் ஒரு கிலோ கஞ்சி. ஜிம் பொடியன் அதைக் குடித்து முடிப்பான் என்றால் குடிக்கட்டும்.

இதை வைத்து ஓட்ஸ் தோற்றது என்று எழுதிவிட்டால் அது அடுத்த பிழை. கோழியில் நார்ச்சத்து ஒரு துளியும் இல்லை. எவ்வளவு கோழி தின்றாலும் அந்தப் பெட்டி காலியாகவே கிடக்கும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து குடலில் பசையாகி, கெட்ட கொலஸ்திரோலைக் குறைக்க உதவுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997இலேயே இதை உணவுப் பொதியில் எழுத அனுமதித்தது. ஆனால் அதற்கு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். ஏறக்குறைய 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ், அதாவது இரண்டு வேளைக் கஞ்சி. கிழமைக்கு ஒரு நாள் ஒரு கோப்பை குடித்துவிட்டு இரத்தப் பரிசோதனையில் கொலஸ்திரோல் இறங்கவில்லை என்று ஓட்ஸைத் திட்டுவதில் பயனில்லை.

என் பார்வையில் பெரிய பிழை வேறு. எது எதற்குப் பதிலாக வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில் காலையில் பிட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் சோறு, இரவில் மறுபடியும் மாவுப் பண்டம் அல்லது பாண். ஓட்ஸ் வந்தால் உட்கார வேண்டியது இவற்றின் இடத்தில். கோழி உட்காருவது மீன், முட்டை, பருப்பு இருக்கிற இடத்தில். பிட்டைக் குறைத்து ஓட்ஸ் எடுத்தால் நார்ச்சத்துக் கூடும், நல்லது. கோழியை நிறுத்திவிட்டு ஓட்ஸ் எடுத்தால் கோப்பையில் தானியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தானியம் வந்து உட்காருகிறது.

அதில் என்ன கேடு என்றால், புரதத்தை அளவில் மட்டும் பார்க்க முடியாது. லைசீன் என்ற அமினோ அமிலம் கோழியில் தாராளம், ஓட்ஸில் குறைவு. அரிசியிலும் அதே குறைதான். சோற்றோடு ஓட்ஸைச் சேர்த்தால் ஓட்டை அடைபடாது. அடைப்பது பருப்பு, கடலை, பயறு, முட்டை, பால், தயிர். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிற திரிபோஷா என்ற சத்துமாவில் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் ஏன் சேர்க்கிறார்கள் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். ஆகவே மச்சம் சாப்பிடாதவர்களுக்கு ஓட்ஸ் உதவாது என்றில்லை. காலையில் ஓட்ஸோடு எருமைத் தயிர், மத்தியானம் பருப்புக் கறி என்றால் நாள் முடிவில் கணக்குச் சரியாகிவிடும். எல்லாம் ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

கோழிப் பக்கமும் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். "ஒரு கிலோ கோழி வாங்கினேன், 300 கிராம் புரதம்" என்பது வெறும் கற்பனை. எலும்பைக் கழித்தால் பச்சையாக 650 கிராம் அளவு இறைச்சி மிஞ்சும், அதில் புரதம் 130 கிராம் போல. ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு 26 கிராம், அதுவும் சமமாகப் பங்கிட்டால். தொடைத்துண்டு யாருக்கு, கழுத்தும் முதுகும் யாருக்கு என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். சமைக்கிற அம்மாவின் கோப்பையில் பெரும்பாலும் குழம்புதான். 60 கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு நாளைக்கு 50 கிராம் அளவு புரதம் வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு அவித்த முட்டை சேர்ப்பது, ஓட்ஸா கோழியா என்ற விவாதத்தை விடப் பயனுள்ளது.

பிறகு, சேர்மானம். 31 கிராம் புரதமும் 3.6 கிராம் கொழுப்பும் என்பது தோல் நீக்கிய, எண்ணெய் சேர்க்காத நெஞ்சுக்கு மட்டும். தோலோடு என்றால் கொழுப்பு இரட்டிப்பாகும். பொரித்து, டெவில் போட்டு, முதற்பால் விட்டு இறக்கிய கறிக்கு அந்த இலக்கம் பொருந்தாது. கோழிக் கொத்தைப் புரத உணவென்று சொல்கிறவர் அதில் ரொட்டி எவ்வளவு, கோழி எவ்வளவு என்று ஒருமுறை பொறுக்கி எடுத்துப் பார்க்கலாம். ஓட்ஸுக்கும் இதே கதைதான். இரண்டு கரண்டி சீனி, ரின்பால், மேலே பேரீச்சம்பழம் போட்டுவிட்டு "நான் டயற்றில்" என்றால் யாரை நம்பவைக்கிறோம்? சுவையூட்டிய சிறு பைக்கற்றுகள் பலவற்றில் சீனி சேர்ந்தே வருகிறது. முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தில் சீனி என்ற வரியைப் பாருங்கள். அந்த அட்டவணை 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்பதையும் பாருங்கள், பலர் இதிலும் வழுக்குகிறார்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. மெல்லிதாக நொறுக்கி, சுடுநீர் ஊற்றியதும் கரைகிற உடனடி ஓட்ஸ், தடித்த அவல் போன்ற ஓட்ஸை விட வேகமாக இரத்தச் சீனியை ஏற்றும். வாங்குவதென்றால் காய்ச்ச நேரம் எடுப்பதை வாங்குங்கள்.

இரும்புச்சத்தில் ஓட்ஸ் முன்னுக்கு நிற்பதாக அட்டவணை சொல்லும்: உலர்ந்த 100 கிராமில் 4 மில்லிகிராமுக்கு மேல், கோழி நெஞ்சில் 1 மில்லிகிராம் அளவு. ஆனால் ஓட்ஸில் இயல்பாக உள்ள பைற்றேற்று என்ற பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறைச்சியின் இரும்பை உடல் சுலபமாக உறிஞ்சும். ஓட்ஸ் குடித்த கையோடு பிளேன்ரீ குடித்தால் கிடைக்கிற கொஞ்சமும் குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்து, கொய்யாவோ தோடம்பழமோ சாப்பிடுங்கள். பி12 ஓட்ஸில் அறவே இல்லை. கோழியிலும் அதிகமில்லை, மீன் அதைவிட நல்லது.

ஓட்ஸ் குளிர்நாட்டுப் பயிர், நமக்குக் கப்பலில் வருவது. அதனாலேயே அதற்கு ஒரு மவுசு. குரக்கனில் புரதம் 7 கிராம் அளவுதான், ஓட்ஸுக்கு அது ஈடில்லை. ஆனால் சுண்ணாம்புச்சத்து 100 கிராமில் 340 மில்லிகிராம், ஓட்ஸில் 50 சொச்சம். நார்ச்சத்திலும் குரக்கன் பின்தங்கவில்லை. குரக்கன் பிட்டை ஒதுக்கிவிட்டு ஓட்ஸ் வாங்க ஓட வேண்டியதில்லை. காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் நோன்புக் கஞ்சியில் அரிசிக்குப் பதில் ஓட்ஸ் போட்டு, கோழியையும் சிறிதாக அரிந்து சேர்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதை விட அந்தச் சட்டி எனக்குப் பிடித்திருக்கிறது.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவைச் சொல்ல வேண்டியது கிளினிக் வைத்தியர்.

கடைசியாக விலை. பைக்கற் விலையையும் கிலோ விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்தக் காசுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பிரியுங்கள்: எலும்போடு வாங்கும் ஒரு கிலோ கோழிக்கு 130, ஒரு கிலோ ஓட்ஸுக்கு 130 சொச்சம். எடைக்கு எடை எண்கள் ஒன்றுபோல வருகின்றன, லைசீன் விஷயத்தை மட்டும் மறக்கவேண்டாம். ஒரு கிலோ மைசூர்ப் பருப்புக்கு 240 போட்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.