சாரல் நேரத்துச் சளி: வகுப்பிலும் வீட்டிலும் நான் செய்வது

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் என் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். தென்காசிப் பக்கம் சாரல் தொடங்குவதும் அப்போதுதான் என்பதால் பழி சாரல் மேல் விழும். "மழையில நனைஞ்சுட்டான் டீச்சர், தடுமன் பிடிச்சிட்டு" என்பார்கள். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், நனைந்து வந்தவனுக்கும் வருகிறது, குடையோடு வந்தவளுக்கும் வருகிறது. கோடை லீவு முடிந்து முப்பது பிள்ளைகள் ஓர் அறையில் தோளோடு தோள் உட்கார்வதுதான் முக்கியக் காரணம்.

சளியைத் தருவது வைரஸ். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதில் அதிகம் வருவது ரைனோவைரஸ். இத்தனை வகை இருப்பதால், ஒரு தடவை வந்து போனாலும் அடுத்த மாதம் வேறொன்று வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று கவலைப்பட்டு டானிக் தேடும் அம்மாக்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தடுப்பதில் பெரிய பங்கு கைக்கு. மூக்கைத் தேய்த்த கையால் ஒருவன் பென்சிலை நீட்டுவான், வாங்கியவள் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவாள். வைரஸுக்கு அது போதும். வகுப்பு வாசலில் குழாய் வைத்த வாளி ஒன்று வைத்திருக்கிறேன். சோப்பை வெங்காயம் வாங்கிய வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் தொலையாது, கரைந்தும் போகாது. அ முதல் ஔ வரை நிதானமாக இரண்டு தடவை சொல்லி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும், கிட்டத்தட்ட இருபது வினாடி வரும். சாப்பாட்டுக்கு முன்னும் மூக்கைச் சிந்திய பின்னும் இது கட்டாயம். தும்மினால் முழங்கை மடிப்பில். சாரல் அடித்தாலும் இரண்டு ஜன்னலைத் திறந்தே வைப்பேன். வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு.

சரி, வந்துவிட்டது. என்ன செய்தாலும் ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் கஷ்டம், பிறகு தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் உடனே ஆன்டிபயாட்டிக் என்று நினைக்கிறோம். நிறம் அப்படி மாறுவது சாதாரணச் சளியிலும் நடக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. போன தடவை மீந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கவே கூடாது.

என் மகனுக்கு ஆறு வயது. சளி பிடித்தால் மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறு, கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர், அடிக்கடி வெதுவெதுப்பாகத் தண்ணீர். ரசம் வைரஸை விரட்டாது. ஆனால் சூடு தொண்டைக்கு இதம், பசிக்காத பிள்ளையும் நாலு வாய் சாப்பிடும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுமருந்தைத் தூங்கும் முன் இரண்டு சொட்டு விடுவேன். இரவு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் வேண்டவே வேண்டாம், நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு மாதம் பள்ளிக்கு வரவில்லை. நொச்சி இலை போட்டுக் கொதித்த பானையைக் கட்டிலில் வைத்து, பிள்ளையைப் போர்வையால் மூடியிருக்கிறார்கள். சூடு தாங்காமல் அவள் காலை உதற, பானை தொடையில் கவிழ்ந்துவிட்டது. அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆவியை நிறுத்தினேன். பெரியவர்கள் பிடிக்கலாம், பானை தரையில் அசையாமல் இருக்க வேண்டும். பிள்ளைக்கு மூக்கு திறக்க உப்புநீர்ச் சொட்டே போதும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரும்.

மருந்துக்கடையில் "சளிக்கு ஒரு சிரப் குடுங்க" என்று கேட்பதும் வேண்டாம். குளோர்பெனிரமினும் பீனைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. காய்ச்சலில் பிள்ளை துவண்டால் பாரசிட்டமால், அதுவும் எடைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. உப்புநீர்ச் சொட்டு அல்லாத, மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டுமருந்தைப் பெரியவர்களும் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும்.

என் மாமியாருக்கு இளைப்பு உண்டு. நமக்கு மூக்கோடு போவது அவருக்கு நெஞ்சில் இறங்கிவிடும். அதனால் மகனுக்குச் சளி என்றால் ஆச்சி பக்கத்தில் படுக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுகிறேன். அழுவான், அழட்டும். அத்தையிடமும் இன்ஹேலரை ஒருநாளும் விடாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

டாக்டரிடம் எப்போது ஓடுவது? மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே. மற்றவர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், காதுவலி, தணிந்த சளி திரும்பக் காய்ச்சலோடு வருவது. இளைப்பு மாதிரித் தெரிந்தால் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, அது அழாமல் இருக்கும்போது, போனில் ஒரு முழு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாதாரணச் சளி இல்லை. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால், தண்ணீர் எதுவும் குடிக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.