மேசன் 'கொஞ்சம் கூட வரும்' என்றால்: ஊர் வீட்டைத் திருத்தப் போவோருக்கு

வெளிநாட்டிலிருந்து ஊர் வீட்டைத் திருத்தவென்று போகிறவர்கள் பெரும்பாலும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார்கள். பிள்ளைகளின் விடுமுறை, நல்லூர்த் திருவிழா, சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். மேசன்மாருக்கும் அப்போதுதான் வேலை தலைக்கு மேல் இருக்கும். மாரி தொடங்குமுன் கூரையை மூடிவிட வேண்டுமென்று உள்ளூர்ச் சனமும் அவர்களைத்தான் தேடித் திரியும். அந்த நேரத்தில் நாலு கிழமை லீவோடு போய் நிற்கிறவருக்கு ஊர் விலை கிடைக்காது. வசதிப்பட்டால் மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்குங்கள். அது சரிவராவிட்டால், திரும்பிப் போகும் தேதியையாவது கொந்தராத்துக்காரரிடம் வாய்விடாதீர்கள். அடுத்த வெள்ளி பிளைற் என்று தெரிந்தால் புதன்கிழமை பின்னேரம் மேலதிகக் கணக்கு வந்து நிற்கும், பேரம் பேச உங்களுக்கு நேரம் இருக்காது.

மேலதிகமாகக் கேட்பதெல்லாம் ஏமாற்று என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணச்சாந்தும் வைத்துக் கட்டியவை. மேலே கூரையைத் தாங்கும் பனை வளை, ஓடு தங்கும் சிலாகை, அதற்கு மேல் ஓடு. வெளியிலிருந்து பார்த்தால் வளை நேராகத்தான் கிடக்கும். உளியால் ஒரு குத்துக் குத்தினால் கறையான் தின்ற தூள் கொட்டும். வலிகாமம் வடக்கில் யுத்தத்தால் 1990இல் விட்டு வெளிக்கிட்டு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடென்றால், சுவருக்குள் ஆலோ அரசோ வேர் விட்டிருக்கும். இதையெல்லாம் கழற்றிப் பார்க்காமல் எந்த மேசனாலும் கணக்குச் சொல்ல முடியாது.

அதனால், எடுத்த எடுப்பில் முழு வீட்டுக்கும் ஒரு தொகை பேசி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பேசினால் கொந்தராத்துக்காரர் பயத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார். முதலில் ஒரு மேசனையும் ஒரு கூலியாளையும் இரண்டு நாள் சம்பளத்துக்குப் பிடியுங்கள். கூரையில் நாலைந்து இடத்தில் ஓடுகளைக் கழற்றி வளையைப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக மழைத்தண்ணீர் நிற்கிற மூலைகளில். பிறகு சுவர். மேசன் சுத்தியல் பிடியால் ஒரு சாணுக்கு ஒருக்கால் தட்டிக்கொண்டே போவார். நல்ல பூச்சு 'டக்' என்று கேட்கும், கல்லை விட்டுக் கழன்ற பூச்சு 'பொள்' என்று வெறுமையாகக் கேட்கும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டம் போட்டு, அளந்து, போனில் படம் எடுங்கள். பழைய கறுத்த வயர், உடைந்த பியூஸ் கட்அவுட், கூரைப் பக்கத்துச் சுவர் வெடிப்பு எல்லாம் அன்றைக்கே வெளியில் வந்துவிடும். அந்த இரண்டு நாள் சம்பளம் பெரிய காசில்லை. பிறகு வருகிற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் எழுத்து. பெரிய வேலையென்றால் ஒரு கியூ.எஸ். (கட்டட அளவையாளர்) அல்லது ரீ.ஓ.விடம் (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) காசு கொடுத்து பி.ஓ.கியூ. (வேலை, பொருள் அளவுப் பட்டியல்) போடுவியுங்கள். சின்ன வேலைக்குக் கொப்பித்தாள் போதும். மொத்தத் தொகையை விட முக்கியமானது, மேலதிக வேலைக்கான விலைப்பட்டியல்: வளை மாற்ற அடிக்கு எவ்வளவு, பூச்சுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு, ரைல்ஸ் பதிக்க எவ்வளவு, புதிதாக ஒரு பிளக் பொயின்ற் இழுக்க எவ்வளவு. வேலை தொடங்குமுன், கொந்தராத்துக்காரருக்கு உங்கள் வேலை தேவைப்படுகிற நேரத்தில் இந்த விலையைப் பேசிவிட வேண்டும். கூரையைத் திறந்து போட்ட பிறகு பேசினால் அவர் சொன்னதுதான் விலை. கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். சாரம் கட்டுவதும் கழிவு ஏற்றுவதும் யார் செலவு என்று எழுதாத தாளில் இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

நீங்கள் திரும்பி லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ வந்த பிறகு நடப்பது வேறு கதை. நடு இரவில் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வரும்: "அண்ணை, குசினிப் பக்கத்து வளை எல்லாம் உக்கிப்போச்சு. மாத்தத்தான் வேணும், என்ன செய்யிறது?" நீங்கள் நித்திரைக் கலக்கத்தில் "சரி, செய்யுங்கோ" என்று அனுப்பினால் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்த கணக்குத்தான். இப்படிப் பதில் போடுங்கள்: "எத்தனை வளை, ஒவ்வொண்டும் எத்தனை அடி? அளவு நாடாவை வைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ. மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு எண்டு தனித்தனியா எழுதுங்கோ. நான் ஓமெண்ட பிறகு தொடங்குவம்." நேர்மையான மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார். அடுத்த நாளே படம் வரும்.

அங்கே நின்று பார்க்க ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். அவரை இக்கட்டில் விடாதீர்கள். ஒரு தொகை சொல்லிவிடுங்கள், உதாரணமாக இருபத்தையாயிரம் ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்று. கொந்தராத்துக்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர் சித்தப்பா, அவரால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. "தம்பியைக் கேட்டுச் சொல்றன்" என்று சொல்ல அவருக்கு ஒரு சாட்டு வேண்டும்.

பொருள் கணக்கில் அதிகம் நழுவுவது மணல். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் வந்ததும் பெட்டியின் உட்புற நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் கியூப் வரும். 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் ஒன்றரைக் கியூப். அதை இரண்டு என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொட்டின பிறகு அளக்க முடியாது. மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பெர்மிற் இல்லாத மணலின் விலையில் கணக்குப் போட்டுத் தந்துவிட்டு, பொலிஸ் கெடுபிடி கூடினதும் 'மணல் ஏறிப்போச்சு' என்று சொல்வது வழமை. கல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு: 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல்லென்றால் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 115 கல் போகும். உடைவுக்குக் கொஞ்சம் கூட்டலாம். இருநூறு கேட்டால் மற்றக் கல் எங்கே போகுதென்று கேளுங்கள்.

விலை ஏறுவது உண்மையாகவும் நடக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் கூடவே ஏறின. அப்போது பழைய விலையில் கையெழுத்து வைத்த மேசன்மார் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தாளில் அன்றைய சீமெந்து பை விலையையும் கம்பி விலையையும் குறித்து வையுங்கள். ஏறினால் அந்த வித்தியாசத்தை மட்டும், கடைப் பில்லைக் காட்டி வாங்கட்டும். வற் வரி 2024 தொடக்கத்திலிருந்து 18 வீதம். ஆனால் வற் பதிவில்லாத ஒருவர் அதைத் தனியாகச் சேர்த்து வாங்க முடியாது. கேட்டால் பதிவு இலக்கம் போட்ட பில் கேளுங்கள்.

நாங்களே வரவழைக்கும் செலவும் இருக்கிறது. 'செய்யிறதுதான் செய்யிறம், விறாந்தையையும் நீட்டுவம், மதிலையும் உயர்த்துவம்' என்று தொடங்கினால் முடிவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் நூறு சொச்சம் பவுண்தானே என்று மனசுக்குள் மாற்றிப் பார்க்கிற பழக்கம்தான் இதற்குக் காரணம். மதிலுக்கும் நீட்டும் அறைக்கும் பிரதேச சபை அனுமதி வேண்டும் என்பதை யாரும் அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. பழைய வீட்டுக்கு என் கணக்கு, பேசிய தொகைக்கு மேல் கால்வாசியை ஒதுக்கி வைப்பது. அந்தக் காசு இருப்பது மேசனுக்குத் தெரியக் கூடாது, சித்தப்பாவுக்கும்தான்.

கழற்றிய பொருளையும் மறக்க வேண்டாம். பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டிய காலத்தில், கறையான் தொடாத பழைய வளைக்கு நல்ல விலை உண்டு. பழைய தேக்கு நிலைகளுக்கும் கதவுகளுக்கும் இன்னும் கூட. அதை ஏற்றிக்கொண்டு போவதற்கு உங்களிடமே ஏற்றுக்கூலி வாங்குகிற கெட்டித்தனத்தையும் கண்டிருக்கிறேன். கழற்றியது எல்லாம் வீட்டுக்காரருக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்.

காசு கொடுப்பதில் கட்டம் கட்டமாகப் போங்கள். செய்து முடித்த வேலையை விட முன்பணம் கூடினால் அந்த மேசனை அடுத்த கிழமை வேறு வளவில்தான் பார்ப்பீர்கள். கடைசிப் பத்து வீதத்தை ஒரு மாரி கழியும் வரை வைத்திருப்பதாக முதலே பேசுங்கள். கார்த்திகை மழை அடித்தால்தான் கூரை எங்கே ஒழுகும் என்று தெரியும். தகராறு வந்துவிட்டால், சிறிய தொகை வழக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை (இணக்க சபை) இருக்கிறது, நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் போக வேண்டியிருக்கும். நீங்கள் வெளிநாட்டில் நின்றால் உங்களுக்காக ஒருவர் முன்னிற்க வேண்டிவரும். அதற்கான அற்றோணித் தத்துவத்தை (பவர் ஒப் அற்றோணி) ஊரில் நிற்கும்போதே ஒரு நொத்தாரிசிடம் பேசி எழுதி, பதிவும் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.