டர்போ வண்டிக்கு டார்க்கா, ஹார்ஸ்பவரா?

டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) உள்ள வண்டியின் பவரை ஏற்ற டியூனிங்குக்கு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை ஹார்ஸ்பவர் ஏறும்ணே?" வண்டி எங்கே ஓடும் என்று நான் திருப்பிக் கேட்பேன். மாட்டுத்தாவணி நெரிசலிலும் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்திலும் ஓடுகிற வண்டிக்கு 2,000 முதல் 4,000 ஆர்பிஎம்தான் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) முக்கியம்.

கணக்கு எளிது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை, அதாவது என்ஜினின் முறுக்கு விசையை, ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ், அதாவது மெட்ரிக் ஹார்ஸ்பவர். 2,000-இல் 250 இருந்தால் 71 பிஎஸ்தான். 5,000-இல் 200 இருந்தாலே 142. பவர் வேண்டுமென்றால் மேலே, அதாவது அதிக ஆர்பிஎம்மில், டார்க் சரியாமல் பிடித்து வையுங்கள்.

கீழே, குறைந்த ஆர்பிஎம்மில், பூஸ்டை (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை) அள்ளிக் கொடுப்பதுதான் ஆபத்து. 1,800-இல் முழுக்க மிதித்தால் சிலிண்டர் அழுத்தம் எகிறி பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையே வளைக்கலாம். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினில் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளவும் கூடும். அவசரப்பட்டு ஏற்றிய ஒரு வண்டியில் எனக்குக் கிளட்ச் வழுக்கியது. அப்புறம் 2,500 ஆர்பிஎம் வரை பூஸ்டைப் படிப்படியாகத்தான் ஏற்றுகிறேன்.

மேலே சின்ன டர்போ திணறும். அங்கே பூஸ்டைத் திணித்தால் காற்று சூடாவதுதான் மிச்சம். சித்திரை வெயிலில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே கொதித்து, நாக் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரும். என்ஜினின் கணினியான ஈசியூ இக்னிஷனை (தீப்பொறியை) தாமதப்படுத்தும், பவர் விழும். அதனால் பவரை அளக்கும் டைனோ சோதனையை மதியம் செய்யுங்கள். விடியற்காலை எண்ணை நம்பாதீர்கள். சோதனையின் பதிவான லாக்கில் நாக் லேசாகத் தெரிந்தாலும் பூஸ்டை 0.1 பார் இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.