பழமைவாதத்தை வகுப்பில் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.சி.இ.ஆர்.டி. நெடுங்காலமாக வழங்கிவந்த ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ரஷ்யப் புரட்சிக்கு முன்னுரையாகவும், பத்தாம் வகுப்பு நூலில் 1815-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டை ஒட்டியும் பழமைவாதம் பேசப்படுகிறது. தாராளவாதத்துக்கும் சோசலிசத்துக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. “மாற்றத்தை எதிர்ப்பவர்கள்” என்ற ஒரே விடையோடு பல வகுப்புகளில் பாடம் கடந்துபோகிறது. அந்த விடையை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவரால், அறிவும் மனச்சான்றும் உடைய பலர் ஏன் அந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அது தெரியாதவருக்கு, அவர்களை எதிர்த்து வாதிட்டவர்கள் எதை வென்றார்கள் என்பதும் விளங்காது.

முதலில் கைவிட வேண்டியது அந்த வரையறையைத்தான். பிரான்சில் மீண்டும் அரியணை ஏறிய பதினெட்டாம் லூயி 1814-ஆம் ஆண்டு வழங்கிய சாசனம், புரட்சிக் காலத்தில் விற்கப்பட்ட திருச்சபை நிலங்களையும் பிரபுக்களின் நிலங்களையும் வாங்கியவர்களிடமே விட்டுவைத்தது. இங்கிலாந்தில் பழமைவாதக் கட்சித் தலைவர் ராபர்ட் பீல், வாக்குரிமையை விரிவாக்கியதால் தாம் எதிர்த்து நின்ற 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தை இனி மாற்ற முடியாத தீர்வாக 1834-இல் ஏற்றுக்கொண்டார். 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை அளித்த சட்டத்தை நிறைவேற்றியது பழமைவாதக் கட்சியின் அரசு. ஜெர்மனியில் நோய்க் காப்பீடு (1883), விபத்துக் காப்பீடு (1884), முதியோர் ஓய்வூதியம் (1889) மூன்றையும் கொண்டுவந்தவர், சோசலிசக் கட்சியைத் தடை செய்த தலைமை அமைச்சர் பிஸ்மார்க். ஆகவே மாணவர் முன் வைக்க வேண்டிய கேள்வி, மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எந்த மாற்றம், எவ்வளவு விரைவாக, யாருடைய முடிவால், எதை இழந்து என்பவையே இவர்களைப் பிறரிடமிருந்து பிரித்த கேள்விகள்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும் பழமைவாதச் சிந்தனையின் முன்னோடியாகக் கருதப்படுபவருமான எட்மண்ட் பர்க்கைக் கற்பிக்கும் முறையில் நேரும் தவறு இன்னும் ஆழமானது. பெரும்பாலும் 1790-ஆம் ஆண்டு அவர் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலிலிருந்துதான் தொடங்குகிறோம். அங்கிருந்து தொடங்கினால் அவர் அரண்மனைக்காகப் பேசியவராக மட்டுமே மாணவர் மனத்தில் பதிவார். ஆனால் அமெரிக்கக் குடியேற்ற மக்களோடு இணக்கமாகப் போக வேண்டும் என்று 1775-இல் நாடாளுமன்றத்தில் வாதிட்டவர் அவர். வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான கண்டன விசாரணையை முன்னின்று நடத்தியவரும் அவரே. தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இவற்றையெல்லாம்விடப் பொருத்தமான ஒன்று, 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாபின் கடன்கள் குறித்து அவர் ஆற்றிய உரை. அது பள்ளிகளில் ஏன் படிக்கப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நவாப் முகமது அலிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பேர்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. அந்தக் கடன்களின் நேர்மையை விசாரிக்காமலேயே நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடிக்கின் வருவாயிலிருந்து அவற்றைத் தீர்க்க லண்டன் அமைச்சரவை முடிவு செய்தபோது, பர்க் எழுந்தார். 1780-ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழான நாடு அது. அங்கே முதலில் பணம் செல்ல வேண்டிய இடம் ஏரிகள் என்றார். செங்கல்பட்டுச் சீமையின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏரிகளைத் தாமே எண்ணி, அந்தப் பகுதியில் மட்டும் 1,100-க்கு மேல் இருப்பதாக அவையில் கூறினார். அவற்றை வெட்டியவர்களைத் தம் மக்களுக்குத் தந்தையராக விளங்கிய மெய்யான மன்னர்கள் என்றும், தமக்குப் பின் பிறக்கப்போகும் தலைமுறைகளுக்கும் நன்மை செய்ய விரும்பியவர்கள் என்றும் போற்றினார். இந்த உரையின் ஒரு பகுதியை எளிய தமிழில் கொடுத்து, உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்காலை யார் தூர்வாரினார்கள், நில வருவாய் கடன்காரர்களிடம் போனால் மடை என்னவாகும் என்று கேட்ட பிறகு, சமூகம் என்பது இறந்தவர், வாழ்பவர், பிறக்கப்போகிறவர் ஆகியோருக்கு இடையிலான கூட்டு என்ற 1790-ஆம் ஆண்டுக் கருத்தை அறிமுகப்படுத்தினால், அது வெறும் சொல்லாக நிற்காது. ஒரே சிந்தனை கம்பெனியின் கொள்ளைக்கு எதிராகவும் புரட்சிக்கு எதிராகவும் நிற்பதை மாணவர் தாமே காண்பர்.

அங்கேயே நின்றுவிடுவதும் பிழைதான். பர்க்கின் நூல் வெளிவந்த அதே நவம்பர் மாதத்திலேயே பெண்ணுரிமைச் சிந்தனையாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் மறுப்பு எழுதினார். வீழ்ந்த பிரெஞ்சு அரசிக்காகக் கண்ணீர் விடுபவர் உழைக்கும் ஏழைகளின் துயரைக் காணவில்லை என்று சாடினார். புரட்சியை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெயின் 1791-இல், இறந்தவர்கள் வாழ்பவர்களைக் கட்டுப்படுத்த உரிமையற்றவர்கள் என்று வாதிட்டார். இந்த மூவரையும் அடுத்தடுத்த பாடவேளைகளில் படிக்க வைத்தால் போதும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் பழமைவாதிகளையும் ஒரே அச்சில் வார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். அரியணையையும் திருச்சபையையும் அதிகாரத்தின் ஊற்றாகக் கொண்ட, புரட்சியை எதிர்த்த எழுத்தாளர் ஜோசப் தெ மேஸ்திரும், நாடாளுமன்ற மரபைக் காத்த பர்க்கும் வேறு வேறு. நம் நாட்டில் இந்தச் சிக்கலை விளக்க ராஜாஜியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவை அடுத்து 1939-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தவர் அவர். 1953-இல் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் கழிக்கும் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள், அடுத்த ஆண்டு காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 1959-இல் அரசின் உரிமக் கட்டுப்பாடுகளையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். திலகரோ அரசியலில் தீவிர தேசியவாதி. பெண்களின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர். “இவர் பழமைவாதியா?” என்று கேட்காமல், “எந்தப் பொருளில், எந்த ஆண்டில்?” என்று கேட்கப் பழக்க வேண்டும்.

பரிவோடு விளக்குவது என்பது விலையை மறைப்பதாகிவிடக் கூடாது. 1819-ஆம் ஆண்டு ஜெர்மன் அரசுகள் பிறப்பித்த கார்ல்ஸ்பாட் ஆணைகள் பல்கலைக்கழகங்களைக் கண்காணிப்பில் வைத்தன, பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தக் கோரி 1927-இல் சென்னைச் சட்ட மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொண்டுவந்தார். முழுமையான தடைச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. பொறுமையாகச் செல்வோம் என்ற வாதம் அந்த இருபது ஆண்டுகளில் யாருடைய பிள்ளைப் பருவத்தைச் செலவழித்தது என்று கேட்காத பாடம் நேர்மையான பாடமாகாது. நாசிசத்தையும் பழமைவாதத்தையும் ஒன்றாக்குவதும் தவறு, அவற்றுக்கிடையே நடந்த உடன்பாட்டை விட்டுவிடுவதும் தவறு. 1933-இல் ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியதில் பழமைவாத அரசியல்வாதி பாப்பனுக்கும் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்குக்கும் பங்கு உண்டு. மறு ஆண்டு, நாசி ஆட்சியைக் கண்டித்துப் பாப்பன் ஆற்றிய உரையை எழுதிக்கொடுத்த பழமைவாதி எட்கர் யுங்கை நாசிகள் கொன்றார்கள்.

வகுப்பு நடத்தும் முறையில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் பட்டிமன்றம். சாதி, குழந்தைத் திருமணம் போன்ற பொருள்களில் “மரபின் பக்கம்” பேசு என்று, அந்த மரபால் காயப்பட்ட குடும்பத்துப் பிள்ளையை மேடையேற்றக் கூடாது. சக மாணவர் அதைப் பேசக் கேட்டுக்கொண்டிருக்கச் செய்வதும் அதே அளவு துன்பம் தரும். இத்தகைய பொருள்களில் அக்காலத்து ஆவணங்களைப் படித்து, இன்னார் இன்ன காரணம் சொன்னார் என்று எழுத வைப்பது போதுமானது. மாணவரின் வீட்டில் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள் என்று கேட்பதும், இன்றைய கட்சிகளை அந்த இடத்திலேயே பட்டியலிட்டுக் காட்டுவதும் வேண்டாம். தேர்வில் “பழமைவாதம் என்றால் என்ன?” என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு பழமைவாதக் கட்சி ஏன் நிறைவேற்றியது, அதே கட்சியில் சிலர் அதை ஏன் எதிர்த்திருக்கக்கூடும் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம், சரியான காரணங்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், விடைத்தாளைத் திருத்துபவர் வாதத்தின் வலிமையையும் சான்றையும் பார்த்தே மதிப்பெண் இட வேண்டியிருக்கும்.