தமிழ்ச் செய்தித் தளத்தின் டெம்ப்ளேட்டை கூகுளுக்கு ஏற்றபடி சரிசெய்வது எப்படி?

சமையல் குறிப்பு ஆறு மாதம் கழித்தும் தேடலில் மேலே வரலாம். மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தியை மறுநாள் யாரும் தேடப்போவதில்லை. அதனால் செய்தித் தளத்துக்கு முகப்பைவிட, ஒவ்வொரு செய்தியும் திறக்கிற உள்பக்கத்தின் டெம்ப்ளேட்தான், அதாவது அதன் வடிவமைப்பு அச்சுதான் முக்கியம். தலைப்பு எது, எப்போது வெளியானது, யார் எழுதியது, எந்தப் படம் என்பதெல்லாம் பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் பாட் (தானியங்கி நிரல்) முதல்முறை வரும்போதே தெளிவாகத் தெரிய வேண்டும். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் ஒரு சைல்டு தீம் (மூல வடிவமைப்பைச் சார்ந்து இயங்கும் துணை வடிவமைப்பு) உருவாக்கி, அதில் மட்டும் கை வையுங்கள். மூல ஃபைலிலேயே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும்.

இப்போது ஏதாவது ஒரு செய்தியைத் திறந்து, ரைட் கிளிக் செய்து பேஜ் சோர்ஸைப் பாருங்கள். அதில் எச்1 டேகைத் (h1, பக்கத்தின் முதன்மைத் தலைப்பைக் காட்டும் குறி) தேடுங்கள். சில டெம்ப்ளேட்களில் தளத்தின் லோகோ எச்1-க்குள் உட்கார்ந்திருக்கும், செய்தித் தலைப்பு எச்2-வாகக் கிடக்கும். ஹெடர் ஃபைலில் (header.php) லோகோவைச் சாதாரண டிவ் (div) ஆக்கிவிட்டு, சிங்கிள் ஃபைலில் (single.php) செய்தித் தலைப்பை எச்1 ஆக்குங்கள்.

அடுத்தது பெர்மாலிங்க், அதாவது செய்தியின் நிரந்தர இணைய முகவரி. நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால், வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்துகளாக மாற்றிச் சேமிக்கும். அதற்கு ஒதுக்கியிருக்கும் இடமோ 200 எழுத்துகள்தான். 'கி' என்பதே ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ஆக, 'மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறப்பு' என்ற தலைப்பின் முகவரி 'மேட்டூர்-அணையிலிருந்து-த' என்று பாதியில் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அதுவும் சதவீதக் குறிகளின் ஊர்வலமாகப் போகும். வெளியிடும் முன் ஸ்லக் (முகவரியின் கடைசிப் பகுதி) பெட்டியில் நான்கைந்து ஆங்கிலச் சொற்களை நீங்களே எழுதிவிடுங்கள். பிளாகரில் இன்னும் மோசம்: தமிழ்த் தலைப்புக்கு வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்றுதான் முகவரி விழும். அங்கே கஸ்டம் பெர்மாலிங்க்கைப் பயன்படுத்துங்கள். பழைய செய்திகளின் முகவரிகளைத் தொட வேண்டாம்.

பிறகு ஸ்கீமா, அதாவது பக்கத்தின் விவரங்களைத் தேடுபொறிக்குப் புரியும்படி சொல்லும் குறிப்பு. நியூஸ்ஆர்ட்டிகிள் (NewsArticle) வகையில், ஜேசன்-எல்டி (JSON-LD) வடிவத்தில் தலைப்பு, படம், எழுதியவர், வெளியான நேரம், திருத்திய நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். எஸ்இஓ பிளகின் (தேடலுக்கு ஏற்றபடி தளத்தைச் சீராக்கும் துணை மென்பொருள்) இருந்தால் அதுவே செய்துவிடும். நேரத்தோடு நேர மண்டலமும் (இந்திய நேரமென்றால் +05:30) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் கூகுள் நேரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். பக்கத்திலும் தலைப்புக்குக் கீழே முழுத் தேதியும் நேரமும் தெரியட்டும். '2 மணி நேரத்துக்கு முன்' என்பது மட்டும் போதாது. ஒரு வரியும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிக்கும் தந்திரத்தைக் கூகுள் வேண்டாம் என்றே சொல்கிறது. வாசகருக்கும் அது எரிச்சல்தான்.

படத்துக்கு வருவோம். கூகுள் ஆப்பில் செய்திகளைப் பரிந்துரைக்கும் டிஸ்கவரில் பெரிதாகத் தெரிய முதன்மைப் படம் குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். ரோபாட்ஸ் மெட்டாவில் (தேடுபொறிகளுக்கான அறிவுறுத்தல் குறி) பெரிய படத்துக்கான அனுமதியும் (max-image-preview:large) வேண்டும், வேர்ட்பிரஸ் 5.7 முதல் அது தானாகவே சேர்ந்துவிடுகிறது. மேலே இருக்கும் படத்துக்கு லேசி லோடு (வாசகர் அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) வேண்டாம், கீழே இருப்பவற்றுக்கு மட்டும் போதும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவது கூகுளின் அளவுகோல்.

விளம்பரங்கள்தான் செய்தித் தளங்களின் தீராத தலைவலி. இரண்டாவது பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு விளம்பரம் திறந்து, எழுத்தெல்லாம் கீழே குதிக்கும். ஒவ்வொரு விளம்பரப் பெட்டிக்கும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் குறியீடு) மின்-ஹைட் (min-height, குறைந்தபட்ச உயரம்) கொடுத்து இடத்தை முன்பே ஒதுக்குங்கள். இப்படிக் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் மதிப்பு 0.1-க்குள் இருக்க வேண்டும்.

ஏஎம்பி (மொபைலுக்கான வேகப் பக்க வடிவம்) பற்றிக் கவலை வேண்டாம். தேடல் முடிவுகளில் வரும் செய்திப் பெட்டியான டாப் ஸ்டோரீஸில் வர அது கட்டாயம் என்ற விதி 2021-லேயே போய்விட்டது.

கடைசியாக நியூஸ் சைட்மேப், அதாவது கூகுளுக்குக் கொடுக்கும் செய்தி முகவரிப் பட்டியல். இதில் கடந்த 2 நாள் செய்திகள் மட்டும், ஒரு ஃபைலுக்கு 1000 வரை இருக்கலாம். அதை சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவி) சேர்த்துவிட்டு, புதிய செய்தி ஒன்றின் முகவரியை அங்கேயே உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டு 'லைவ் டெஸ்ட்' கொடுங்கள். ஸ்கீமாவில் தவறு இருந்தால் கூகுளின் மற்றொரு கருவியான ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் எந்த வரியில் என்று காட்டும். அதைச் சரிசெய்தபின் கேஷை (தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்) காலி செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய பக்கமே திரும்பத் திரும்ப வரும்.